எதிர்க்கட்சிக்குத் தலைவர் யார்? லண்டனில் வாக்குச்சீட்டு, திருப்பதியில் ராஜினாமா

பலமனேர்: தமிழ்நாடு, கர்நாடக எல்லைகளை ஒட்டி அமைந்துள்ள ஆந்திர மாநிலத்தின் பலமனேர் சட்டப்பேரவைத் தொகுதி வாக்காளர்கள், 2019-ஆம் ஆண்டு ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளர் வெங்கடே கவுடாவை வெற்றி பெறச் செய்தனர். 2024-ஆம் ஆண்டு அவரைத் தோற்கடித்து, தெலுங்கு தேசத்தின் அமர்நாத் ரெட்டியைத் தேர்ந்தெடுத்தனர். மாநிலம் முழுவதும் இதே காற்றுதான் வீசியது. 151 இடங்களுடன் ஆட்சியில் இருந்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 11 இடங்களுக்குச் சுருங்கியது.

அதே ஆண்டு ஜூலை மாதம், பிரிட்டனில் 14 ஆண்டுகள் ஆட்சி செய்த கன்சர்வேடிவ் கட்சியும் 121 இடங்களுடன் எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்றது. அங்கு அடுத்து நடந்தது தலைமைப் போட்டி. தோல்விக்குப் பொறுப்பேற்ற ரிஷி சுனக் விலகினார். நான்கு மாதங்களுக்குள் கட்சி உறுப்பினர்கள் வாக்களித்துப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். ஆந்திராவில் அத்தகைய கேள்வியே எழவில்லை. ஜெகன்மோகன் ரெட்டியே தலைவராகத் தொடர்ந்தார். அவரை எதிர்த்துப் போட்டியிட ஒருவரும் முன்வரவில்லை. முன்வந்திருந்தாலும், யாரிடம் வாக்கு கேட்டிருப்பார் என்பது தெளிவில்லை.

இரண்டு நாடுகளிலும் நாடாளுமன்ற முறைதான் நடைமுறையில் உள்ளது. இந்தியா அந்த முறையைப் பெருமளவு பிரிட்டனிடமிருந்தே பெற்றது. ஆனால், தோற்ற கட்சி தன் தலைவரை மாற்றிக்கொள்ளும் வழிமுறை மட்டும் இங்கு வந்து சேரவில்லை. அதன் விளைவுகளை ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தின் அரசியல் வரலாற்றிலேயே காணலாம்.

லண்டனில் நடப்பது என்ன?

கன்சர்வேடிவ் கட்சியில் தலைமைத் தேர்தல் இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. முதலில் அக்கட்சியின் எம்.பி.க்கள் மட்டும் சுற்றுச் சுற்றாக வாக்களித்து, இருவர் மிஞ்சும் வரை மற்றவர்களை வெளியேற்றுகின்றனர். பிறகு அந்த இருவரில் ஒருவரை, சந்தா செலுத்தும் சாதாரண உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர்.

2024-இல் ஆறு பேர் களத்தில் இறங்கினர். அக்டோபர் 8-ஆம் தேதி நடந்த சுற்றில் 39 எம்.பி.க்களின் ஆதரவுடன் ஜேம்ஸ் கிளெவர்லி முதலிடம் பிடித்தார். மறுநாள் நடந்த சுற்றில் அவர் 37 வாக்குகள் மட்டுமே பெற்று வெளியேறினார். 42 வாக்குகள் பெற்ற கெமி பேடனாக்கும், 41 வாக்குகள் பெற்ற ராபர்ட் ஜென்ரிக்கும் உறுப்பினர்களிடம் சென்றனர். ஒரே இரவில் நிகழ்ந்த இந்த மாற்றத்திற்கு, எம்.பி.க்கள் தங்களுக்கு வேண்டாதவரை வீழ்த்தக் கணக்குப் போட்டு வாக்களித்ததே காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

நவம்பர் 2-ஆம் தேதி முடிவு வெளியானது. வாக்களிக்கத் தகுதி பெற்ற சுமார் 1 லட்சத்து 31 ஆயிரம் உறுப்பினர்களில் 53,806 பேர் பேடனாக்கையும், 41,388 பேர் ஜென்ரிக்கையும் ஆதரித்தனர். பிரிட்டனின் பெரிய கட்சி ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் பேடனாக் ஆவார்.

இந்த முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. 2022-இல் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் சுனக் 137 வாக்குகளும் லிஸ் டிரஸ் 113 வாக்குகளும் பெற்றனர். ஆனால் உறுப்பினர்கள் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தனர். அவர் 49 நாட்களே பிரதமராக நீடித்தார். தொழிலாளர் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோதும் இதே முரண்பாடு வேறு வடிவில் வெடித்தது. 2015-இல் போட்டியிடுவதற்கு 35 எம்.பி.க்களின் முன்மொழிவு தேவைப்பட்டது. ஜெரமி கோர்பின் கடைசி நிமிடங்களில் 36 பேரின் கையொப்பங்களைத் திரட்டினார். அவர்களில் சிலர் அவரை ஆதரிக்காவிட்டாலும், விவாதம் விரிவடையட்டும் என்று கையொப்பமிட்டவர்கள். உறுப்பினர்களின் வாக்குகளில் 59.5 சதவீதம் பெற்று அவர் தலைவரானார். அடுத்த ஆண்டே 172 எம்.பி.க்கள் அவர் மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தும், உறுப்பினர்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். பிற்காலத்தில் அக்கட்சி முன்மொழிவுக்கான வரம்பை 20 சதவீத எம்.பி.க்களாக உயர்த்திவிட்டது.

வாக்குச்சீட்டு யார் கையில் இருக்கிறது என்பதைப் போலவே, யார் பெயர் அந்தச் சீட்டில் இடம்பெறலாம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

அ.தி.மு.க.வில் நடந்தது

அ.தி.மு.க.வின் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. விதியளவில் அது பிரிட்டன் கட்சிகளின் நடைமுறைக்கு மிக நெருக்கமானது. ஜெயலலிதாவின் மறைவுக்குப் பிறகு, 2017-இல் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரட்டைத் தலைமை உருவானது. ஆட்சியை இழந்த மறு ஆண்டே, அதாவது 2022 ஜூன் மாதத்தில், ஒற்றைத் தலைமைக் கோரிக்கை எழுந்தது. ஜூலை 11-ஆம் தேதி வானகரத்தில் கூடிய பொதுக்குழு எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கி, ஓ. பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்து நீக்கியது. அதே நாளில் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் மோதல் வெடித்து, அலுவலகத்துக்குச் சீல் வைக்கப்பட்டது.

அந்தப் பொதுக்குழு ஒரு புதிய நிபந்தனையையும் சேர்த்தது. பொதுச் செயலாளர் பதவிக்குப் போட்டியிடுபவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், மேலும் 10 பேர் வழிமொழிய வேண்டும் என்பதே அது. மாவட்டச் செயலாளர்கள் பெரும்பாலும் ஒரே அணியில் இருந்த நிலையில், வாக்குச்சீட்டில் வேறொரு பெயர் இடம்பெறும் வாய்ப்பு அத்துடன் மறைந்தது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, இரு நீதிபதிகள் அமர்வு, உச்ச நீதிமன்றம், மீண்டும் உயர் நீதிமன்றம் என்று சுற்றிய வழக்கு 2023 மார்ச் 28-ஆம் தேதி பழனிசாமிக்குச் சாதகமாக முடிந்தது. அன்றே அவர் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டார். அடிப்படை உறுப்பினர் ஒருவருக்கும் வாக்களிக்கும் தேவை ஏற்படவில்லை.

திருப்பதி மாநாட்டின் பாடம்

உட்கட்சி வாக்குச்சீட்டை இந்தியாவின் மிகப் பழைய கட்சி எவ்வாறு கையாண்டது என்பதற்குத் திருப்பதியே சாட்சி. 1992 ஏப்ரல் மாதத்தில் அங்கு காங்கிரஸ் மாநாடு நடைபெற்றது. அப்போது பிரதமராகவும் கட்சித் தலைவராகவும் இருந்த பி.வி. நரசிம்ம ராவ், சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு காரியக் கமிட்டிக்குத் தேர்தல் நடத்தினார். நியமனப் பழக்கம் ஊறிப்போன கட்சியில் அது துணிச்சலான முடிவுதான்.

ஆனால் முடிவுகள் ராவ் எதிர்பார்த்தபடி அமையவில்லை. அவருக்குப் போட்டியாளர்களாகக் கருதப்பட்ட அர்ஜுன் சிங், சரத் பவார் ஆகியோர் வலுவான ஆதரவுடன் வெற்றி பெற்றனர். வென்றவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஒருவர்கூட இல்லை. இதைச் சுட்டிக்காட்டிய ராவ், தேர்வானவர்கள் அனைவரையும் ராஜினாமா செய்ய வைத்துக் கமிட்டியைத் திருத்தி அமைத்தார். அர்ஜுன் சிங்கும் பவாரும் மீண்டும் இடம்பெற்றனர்; ஆனால் இம்முறை தேர்வு செய்யப்பட்டவர்களாக அல்ல, தலைவரால் நியமிக்கப்பட்டவர்களாக.

ராவ் சொன்ன காரணம் பொய்யல்ல. ஒடுக்கப்பட்ட பிரிவினரும் பெண்களும் இல்லாத காரியக் கமிட்டி எந்த வகையிலும் நியாயமானதல்ல. ஆயினும், அந்தக் குறையைப் போக்க இடஒதுக்கீட்டுடன் மறுதேர்தல் நடத்தியிருக்க முடியும். நியமனத்திற்குத் திரும்பியதால், வென்றவர்களின் அதிகாரம் உறுப்பினர்களிடமிருந்து அல்லாமல் தலைவரிடமிருந்து வருவதாக மாறியது. அதன் பிறகு 1997-இல் கொல்கத்தா மாநாட்டில் ஒருமுறை காரியக் கமிட்டித் தேர்தல் நடந்தது. 2023 பிப்ரவரியில் ராய்ப்பூரில் கூடிய மாநாட்டின்போது, தேர்தல் வேண்டாம், தலைவரே நியமிக்கட்டும் என்று முடிவு செய்யப்பட்டது.

தலைவர் பதவிக்கான தேர்தல்களும் அரிதானவை. 1939-இல் சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகள் பெற்று, காந்தியின் ஆதரவு பெற்ற ஆந்திரத் தலைவர் பட்டாபி சீதாராமய்யாவை வென்றார். பட்டாபி பெற்றவை 1,377. வென்றும் சில மாதங்களிலேயே போஸ் பதவி விலக நேர்ந்தது. 2000-ஆம் ஆண்டு சோனியா காந்தியை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதா பெற்ற வாக்குகள் 94 மட்டுமே.

2022 அக்டோபரில் மல்லிகார்ஜுன கார்கேவும் சசி தரூரும் மோதிய தேர்தல், எதிர்க்கட்சியாக இருந்த காங்கிரஸில் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த போட்டியாகும். கார்கே 7,897 வாக்குகளும் தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். வாக்களித்தவர்கள் சுமார் 9,400 பிரதிநிதிகள். கோடிக்கணக்கில் உறுப்பினர்கள் இருப்பதாகக் கூறும் கட்சியில், பிரிட்டனின் ஒரு கட்சியில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒரு பங்கினரே தலைவரைத் தீர்மானித்தனர். அந்தப் பிரதிநிதிகள் யார் என்ற பட்டியலை வெளிப்படையாக வெளியிட வேண்டும் என்று தரூர், கார்த்தி சிதம்பரம் உள்ளிட்ட ஐந்து எம்.பி.க்கள் தேர்தலுக்கு முன்பே கடிதம் எழுத வேண்டியிருந்தது. இவ்வளவு குறைகள் இருந்தும், நேரு குடும்பத்தைச் சேராத ஒருவர் வாக்குச்சீட்டின் வழியாகத் தலைவரானது அண்மைக்கால இந்திய எதிர்க்கட்சி அரசியலில் அரிய நிகழ்வே.

சித்தூர் மண்ணின் அனுபவம்

போட்டிக்கு வழி இல்லாத கட்சிகளில் அதிருப்தி மறைந்துவிடுவதில்லை; வேறு வழியில் வெளியேறுகிறது. திருப்பதி அருகே நாராவாரிபள்ளியில் பிறந்த சந்திரபாபு நாயுடு, 1978-இல் சந்திரகிரி தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்றவர். 1983 தோல்விக்குப் பின் தெலுங்கு தேசத்துக்கு மாறினார். 1995 ஆகஸ்டில், மாமனாரும் முதலமைச்சருமான என்.டி. ராமாராவுக்கு எதிராகப் பெரும்பான்மை எம்.எல்.ஏ.க்களைத் திரட்டினார். ஐதராபாத்தில் வைஸ்ராய் ஓட்டலில் தங்கவைக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களே கட்சியின் தலைமையைத் தீர்மானித்தனர். செப்டம்பர் 1-ஆம் தேதி அவர் முதலமைச்சரானார். 1990-இல் மார்கரெட் தாட்சரைச் சொந்த எம்.பி.க்களே வீழ்த்திய நிகழ்வுடன் இதை ஒப்பிடலாம். லண்டனில் அதற்கு எழுதப்பட்ட விதியும் வாக்குச்சீட்டும் இருந்தன. ஐதராபாத்தில் ஓட்டல் அறைகள் இருந்தன. பலமனேருக்கு அடுத்த குப்பம் தொகுதியில் 1989 முதல் தொடர்ந்து வென்றுவரும் நாயுடு, 2025 மே மாதம் கடப்பாவில் நடந்த மகாநாடு நிகழ்வில் மீண்டும் போட்டியின்றிக் கட்சித் தலைவரானார்.

ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கட்சியே ஒரு தலைமைப் போட்டி மறுக்கப்பட்டதால் பிறந்ததுதான். 2009 செப்டம்பர் 2-ஆம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி உயிரிழந்தார். காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களில் பெரும்பாலோர் அவரது மகன் ஜெகனை முதலமைச்சராக்கக் கோரிக் கையொப்பமிட்டனர். டெல்லி தலைமை அதை ஏற்காமல் ரோசய்யாவையும், 2010 நவம்பரில் ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தின் பிலேர் தொகுதி உறுப்பினர் கிரண்குமார் ரெட்டியையும் முதலமைச்சராக்கியது. அடுத்த சில நாட்களில் ஜெகன் காங்கிரஸை விட்டு விலகினார். 2011 மார்ச்சில் தனிக்கட்சி தொடங்கினார். மாநிலப் பிரிவினையின் கோபமும் சேர்ந்துகொள்ள, 2014 தேர்தலில் ஆந்திராவின் 175 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை.

எம்.எல்.ஏ.க்கள் கருத்தை மேலிடம் மதிக்கவில்லை என்று குமுறி வெளியேறியவரின் கட்சி, 2022 ஜூலை மாதம் நடத்திய மாநாட்டில் அவரையே நிரந்தரத் தலைவராக அறிவித்தது. ஒரு பதவிக்கு நிரந்தரமாக ஒருவரை அமர்த்துவது ஜனநாயகத்திற்கு எதிரானது என்று தேர்தல் ஆணையம் கண்டிப்புடன் ஆணையிட்டது. அந்த முன்மொழிவை ஜெகன் ஏற்கவில்லை என்று கட்சி பின்னர் விளக்கம் அளித்தது.

ஆணையத்தால் அதற்கு மேல் அதிகம் செய்ய இயலாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவின்படி, பதிவு பெறும் கட்சிகள் ஜனநாயகத்திற்குக் கட்டுப்படுவதாக உறுதி அளிக்க வேண்டும். ஆனால் அதை மீறினாலும், மிகக் குறுகிய விதிவிலக்குகளைத் தவிர, பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

எம்.எல்.ஏ.க்களின் கை ஏன் கட்டப்பட்டுள்ளது?

பிரிட்டனில் எம்.பி. ஒருவர் தன் தலைவரை எதிர்த்து வாக்களித்தால் கட்சியின் கோபத்துக்கு ஆளாகலாம், எம்.பி. பதவியை இழக்கமாட்டார். இந்தியாவில் 1985-இல் கொண்டுவரப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே பறிபோகும். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து செல்ல இருந்த வழியும் 2003-இல் அடைக்கப்பட்டது. கொறடாவை நியமிக்கும் அதிகாரம் சட்டமன்றக் குழுவிடம் அல்ல, அரசியல் கட்சியிடமே உள்ளது என்று சிவசேனா வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கட்சி என்பது நடைமுறையில் அதன் தலைவரைக் குறிப்பதால், தலைவரைக் கேள்வி கேட்க வேண்டியவர்களின் பதவி அந்தத் தலைவரின் கையிலேயே இருக்கிறது.

பதவியைக் காப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட இச்சட்டத்தால் விலகல்களை நிறுத்த முடியவில்லை. 2024 தோல்விக்குப் பின் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினர்கள் மோபிதேவி வெங்கடரமணா, பீதா மஸ்தான் ராவ், ஆர். கிருஷ்ணய்யா ஆகியோர் அடுத்தடுத்துப் பதவி விலகினர். அதே ஆண்டு டிசம்பரில் மஸ்தான் ராவ் தெலுங்கு தேசம் சார்பிலும், கிருஷ்ணய்யா பா.ஜ.க. சார்பிலும் அதே அவைக்குத் திரும்பினர். கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவராகக் கருதப்பட்ட விஜயசாய் ரெட்டி 2025 ஜனவரியில் விலகினார். தலைமையை மாற்றலாம் என்று கட்சிக்குள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியேறும் கதவு மட்டுமே திறந்திருந்தது.

எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவியிலும் வேறுபாடு உள்ளது. பிரிட்டனில் 1937 முதல் அப்பதவிக்குச் சட்டப்படி ஊதியம் வழங்கப்படுகிறது. எதிர்வரிசையில் பெரிய கட்சி எதுவோ அதன் தலைவருக்கு அப்பதவி உரியது. இந்தியாவில் அவையின் பத்தில் ஒரு பங்கு இடம் வேண்டும் என்ற மரபு பின்பற்றப்படுகிறது. ஆந்திராவில் அதற்கு 18 இடங்கள் தேவை. ஏறத்தாழ 39 சதவீத வாக்குகளைப் பெற்றும் 11 இடங்களே கிடைத்ததால், ஜெகனுக்கு அந்த அங்கீகாரம் வழங்கப்படவில்லை. இதை எதிர்த்து அவர் உயர் நீதிமன்றத்தை நாடினார்.

பிரிட்டனின் நாளை

தலைமைப் போட்டி நடத்திவிட்டால் மட்டும் எதிர்க்கட்சி பிழைத்துவிடும் என்றும் கூற இயலாது. பேடனாக் பொறுப்பேற்ற ஆறு மாதங்களில் நடந்த 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில், நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யுகே கட்சி 10 கவுன்சில்களைக் கைப்பற்றியது. இழப்பின் பெரும்பகுதி கன்சர்வேடிவ் கட்சிக்கே. ஒரு நூற்றாண்டாக இரண்டு கட்சிகளுக்குள் சுழன்ற பிரிட்டன் அரசியலில், வாக்காளர்கள் தலைவரை அல்ல, எதிர்க்கட்சியையே மாற்றிவிடுவார்களோ என்ற கேள்வி எழுந்துள்ளது. 1983-இல் தெலுங்கு தேசமும், 2014-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் காங்கிரஸின் இடத்தைப் பிடித்ததைக் கண்ட ஆந்திர வாக்காளர்களுக்கு இது புரியாத செய்தி அல்ல.

பலமனேரில் அந்த மாற்றம் ஒரே மனிதரின் வழியாக நிகழ்ந்தது. 2009-இல் தெலுங்கு தேசம் சார்பில் இத்தொகுதியில் வென்ற அமர்நாத் ரெட்டி, 2014-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். 2016-இல் எம்.எல்.ஏ. பதவியை விடாமலேயே தெலுங்கு தேசத்துக்குத் திரும்பி, 2017-இல் அமைச்சரானார். அவரைப்போல அந்தக் காலத்தில் தாவிய ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் 23 பேர். ஒருவர் மீதும் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயவில்லை. மனுக்கள் மீது பேரவைத் தலைவர் முடிவெடுக்கவில்லை. 2019 தேர்தலில் தெலுங்கு தேசம் வென்ற இடங்களும் சரியாக 23. பலமனேர் அந்தப் பட்டியலில் இல்லை.